ஸ்லீவ் ஆப்பரேஷனுக்கு 3.75 லட்சம், இன்ஷூரன்ஸ் கைய விரிச்சுட்டான், நகைய வெச்சு பண்ணலாமா?

மூலக்கடை108 | 2025 ஜூன் 14, இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். பேர்ல இருக்குற 108 ஆம்புலன்ஸ் இல்ல, என் வெயிட். உயரம் 168 செமீ, பிஎம்ஐ (உயரத்துக்கு வெயிட் எவ்ளோன்ற கணக்கு) 38.3ன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. வயசு 41. சென்னை பாரிஸ் கார்னர்ல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை, தெனம் ஹார்பருக்கும் கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் அலையுறவன்தான், சும்மா குந்திக்கினு இருக்குற ஆள் இல்ல.

சுகர் ஏழு வருஷமா இருக்கு, ரெண்டு மாத்திரை. முட்டி போச்சு. டயட், ஜிம், வெந்தயத் தண்ணி எல்லாம் பாத்தாச்சு, 2022ல 14 கிலோ எறக்குனேன், 2023 தீபாவளிக்குள்ள 17 கிலோ ஏறிச்சு. இப்போ சர்ஜன் ஸ்லீவ், அதாவது வயித்த வெட்டி சின்னதாக்குற ஆப்பரேஷன், பண்ணிக்கலாம்னு சொல்றாரு. எஸ்டிமேட் 3,75,000. என்கிட்ட ஃபேமிலி பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கு, அஞ்சாவது வருஷம் ஓடுது, ஒரு தடவ கூட க்ளைம் பண்ணது இல்ல. தைரியமா கேஷ்லெஸ் போட்டோம். ரிஜெக்ட். காரணம் என்னன்னு பாத்தா, என் எச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சுகர், 6.8தான் இருக்காம், அதனால "கட்டுப்பாட்டுல இல்லாத சர்க்கரை நோய்"னு நிரூபணம் ஆகலியாம்.

புரியுதா? ஏழு வருஷமா ஒரு வேளை விடாம மாத்திரை போட்டேன் பாருங்க, அதுக்கு தண்டனை. மாத்திரைய தூக்கி பக்கிங்காம் கால்வாய்ல போட்டுட்டு தெனம் அரை கிலோ அல்வா துன்னிருந்தா பாஸ் ஆயிருப்பேன் போல.

வீட்டுல 12 சவரன் இருக்கு. வெச்சுக்கோங்கன்னு அவளே எடுத்து மேசை மேல வெச்சுட்டா. எனக்குதான் கை வரல. ரெண்டு பொண்ணுங்க. பண்ணலாமா, வேணாமா? கைக்காசு போட்டு பண்ணவங்க யாராவது இருந்தா உண்மைய சொல்லுங்க.

காலைநடை | ஜூன் 15, காலை 5:52

தம்பி தப்பா எடுத்துக்காத. எதுக்கு நாலு லட்சம்? வாயக் கட்டு, ராத்திரி சோத்த நிறுத்து, தெனம் காசிமேட்டுல இருந்து திருவொத்தியூர் வரைக்கும் கடலோரமா நட. எனக்கு 63 வயசு, 71 கிலோ. நல்லா இருக்குற வயித்த அறுத்து எடுக்குறது எந்த ஊரு வைத்தியம்?

ராயபுரத்துக்காரி | ஜூன் 15, காலை 9:10

காலைநடை அண்ணா, உங்களுக்கு 71 கிலோ இருக்குறதுக்கு நடை மட்டும் காரணம்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க, நல்லா இருங்க. அவர் 14 எறக்கி 17 ஏத்துனதா எழுதியிருக்காரே அதப் படிச்சீங்களா? எறக்க எறக்க ஒடம்பு பசிய ஏத்தும், கலோரி செலவ கம்மி பண்ணும், அது வாயக் கட்டாததால வர்றது இல்ல. ஸ்லீவ்ல வயித்துல முக்கால் பங்குக்கு மேல எடுத்துடுவாங்க, பசி தூண்டுற ஹார்மோன் அதிகம் சுரக்குற மேல் பகுதியும் அதோட போயிடும், அதனாலதான் வேலை செய்யுது.

108 சார், நான் 2021ல பண்ணிக்கிட்டேன். 112 கிலோ, இப்போ 74. முழுக்க கைக்காசு, ஏன்னா பாலிசி அப்போதான் எடுத்திருந்தோம், வெயிட்டிங் பீரியட். நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், அப்படியே சொல்றேன். பாக்கேஜ் 3,20,000. அதுக்கு முன்னாடி எண்டோஸ்கோபி, எக்கோ, ஸ்கேன், ரத்த டெஸ்ட் எல்லாம் தனியா 18,000, இது பாக்கேஜ்ல வராதுன்னு பணம் கட்டுற கவுன்டர்லதான் தெரிஞ்சுது. ஆப்பரேஷன் முடிஞ்சதும் வயித்த தைக்குற ஸ்டேப்ளர் காட்ரிட்ஜ் ரெண்டு எக்ஸ்ட்ரா ஆச்சுன்னு 28,000. வீட்டுக்கு வந்தப்புறம் புரோட்டீன் பவுடர் ஆறு மாசம், மாசம் 2,500. விட்டமின் மாத்திரை வருஷம் பூரா மாசம் 1,200. முதல் வருஷம் நாலு தடவ ரத்த டெஸ்ட், ஒவ்வொண்ணும் 4,500. கூட்டுனா 4,13,400. விட்டமின் ஆயுசுக்கும் நிக்காது. பி12, இரும்பு, கால்சியம், டி. நிறுத்துனா கை கால் மரத்துப்போகும், ரத்தம் கொறையும்.

அப்பால முடி. மூணாவது மாசம் சீப்புல கொத்துக் கொத்தா வந்துச்சு, நான் அழுதேன், ஒரு வருஷத்துல திரும்ப வந்துடுச்சு. பதினோராவது மாசம் பித்தப்பைல கல்லு, வேகமா எளைச்சா சில பேருக்கு வருமாம், அது தனி ஆப்பரேஷன். அதுக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் மூக்கால அழுதுக்கிட்டே குடுத்தான்.

சாப்பாடு பத்தி யாரும் சரியா சொல்ல மாட்டாங்க. முதல் தடவ ஒரு இட்லி சாப்பிட 25 நிமிஷம் ஆச்சு. முக்கால்வாசில நெஞ்சுக்கு நடுவுல ஏதோ அடைச்ச மாதிரி, மீதி கால் இட்லி தட்டுல இருக்கு, நாலு இட்லி அஞ்சு நிமிஷத்துல சாப்பிட்டவ நான், அத பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கேன். சாப்பிடறப்போ தண்ணி குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் விடணும். இப்போ ரெண்டு இட்லி போகும். தெருவுல எல்லாரும் "இன்னாம்மா ஒடம்பு சரியில்லியா, டிபியா"ன்னு கேட்டாங்க, குண்டா இருந்தப்போ ஒருத்தி கூட ஒடம்ப பத்தி விசாரிக்கல, கிண்டல் மட்டும்தான் பண்ணாளுங்க.

பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன், பண்ணாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். 3.75ன்னா கையில 5 வெச்சுக்கிட்டு எறங்குங்க.

கொருக்குப்பேட்டை கேட் | ஜூன் 15, மதியம் 1:33

அக்கா சொன்னது நல்லபடியா முடிஞ்ச கணக்கு. நான் இன்னொரு கணக்கு சொல்றேன்.

என் மச்சான், 35 வயசு, 131 கிலோ. நாலாவது நாள் டிஸ்சார்ஜ். ஆறாவது நாள் காலைல நெஞ்சு படபடன்னு அடிக்குது, இடது தோள் வலிக்குதுன்னான். பல்ஸ் 128. வாயுன்னு நெனச்சு ஓமத் தண்ணி குடுத்தோம், நானேதான் குடுத்தேன், அத இன்னிக்கி நெனச்சாலும் வயிறு கலங்குது. சாயங்காலம் காய்ச்சல். ஓடுனோம், கேட்டு வேற மூடிக் கெடந்துச்சு, கூட்ஸ் வண்டி போற வரைக்கும் ஆட்டோல அவன் மூச்சு வாங்குறத பாத்துக்கினே நின்னோம். தச்ச எடத்துல லீக். 13 நாள் ஐசியூ. 3.5 லட்சம் பாக்கேஜ் ஆஸ்பத்திரில கேட்டா பாக்கேஜ் டிஸ்சார்ஜோட முடிஞ்சிருச்சுன்னுட்டான். மொத்தம் 8.6 லட்சம். அவன் ஓட்டிக்கினு இருந்த ஷேர் ஆட்டோ போச்சு, என் சீட்டுப் பணம் போச்சு.

இப்போ நல்லா இருக்கான், 85 கிலோ. திரும்ப கேட்டா பண்ணிக்குவேன்னுதான் சொல்றான், லூசுப் பய.

108 அண்ணே, ஒரே ஒரு கேள்வி கேளு சர்ஜன்கிட்ட: "லீக் ஆனா, ரத்தம் கசிஞ்சா, திரும்ப தியேட்டருக்குப் போனா, யார் காசு?" பேப்பர்ல எழுதி வாங்கு. சில எடத்துல 30 நாளைக்குள்ள வர்ற சிக்கலையும் சேத்து பாக்கேஜ் தர்றாங்க, கேட்டாதான் சொல்வாங்க.

வியாசர்பாடி அத்தோ | ஜூன் 15, மாலை 6:05

2024 ஏப்ரல்ல புதுச்சேரில இருந்து 26 வயசுப் பையன் வெயிட் ஆப்பரேஷனுக்கு சென்னை வந்து எறந்துட்டான்ல, அரசு விசாரணை கமிட்டி போட்டு அந்த ஆஸ்பத்திரி லைசென்ஸையே நிறுத்தி வெச்சாங்களே. அதனால கம்மி ரேட்டுன்னு சின்ன எடத்துக்குப் போயிடாதீங்க. ஐசியூ அதே பில்டிங்ல இருக்கா, ராத்திரி மயக்க டாக்டர் இருப்பாரான்னு பாருங்க.

இன்னொண்ணு, ஏன் எல்லாரும் தனியார்லயே நிக்கிறீங்க? எங்க தெரு அக்கா ஒண்ணு கவர்மென்ட் ஆஸ்பத்திரில பண்ணிக்கிச்சு, கைக்காசு டெஸ்டுக்கும் பவுடருக்கும்தான். சென்ட்ரல் எதிர்ல ஜிஹெச், நம்ம ஸ்டான்லி, ரெண்டுலயும் சர்ஜரி ஓபில ஒரு தடவ கேட்டுப் பாருங்க, காசா பணமா. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீடு அட்டையும் உண்டு.

மூலக்கடை108 | ஜூன் 15, இரவு 10:20

வருமானம் அதவிட ஜாஸ்தி தம்பி, அட்டை கெடைக்காது. ஆனா ஸ்டான்லில கேக்குறேன்.

கேட் தம்பி, உன் பதிவ என் ஒய்ஃப் படிச்சிட்டா. நகைய திரும்ப உள்ள வெச்சுட்டா. ரெண்டு மணி நேரம் கழிச்சு திரும்ப எடுத்து வெளிய வெச்சா.

பெரம்பூர் பிளாட் | ஜூன் 16, காலை 8:15

ப்ரோ, வெயிட் கொறைக்குற மவுஞ்சாரோ ஊசி பாத்தீங்களா? இந்த மார்ச்லதான் நம்ம நாட்டுல வந்துச்சு, வாரம் ஒரு ஊசி. 2.5 மில்லிகிராம் வயல் 3,500, 5 மில்லிகிராம் 4,375. நான் போடுறேன், மூணு மாசத்துல 9 கிலோ, கத்தி இல்ல ரத்தம் இல்ல.

ராயபுரத்துக்காரி | ஜூன் 16, காலை 8:50

5 மில்லிகிராம்லயே நின்னாலும் மாசம் 17,500, வருஷம் 2,10,000. ரெண்டு வருஷத்துக்கு என் ஆப்பரேஷன் மொத்த செலவு. நிறுத்துனா பெரும்பாலானவங்களுக்கு வெயிட் திரும்புதுன்றாங்க. அதுவும் நல்ல மருந்துதான், ஆனா சீப்புன்னு மட்டும் சொல்லாதீங்க.

பெரம்பூர் பிளாட் | ஜூன் 16, காலை 8:58

சீப்புன்னு சொல்லல அக்கா, பயம் இல்லன்னு சொன்னேன்.

பழைய டிபிஏ | ஜூன் 17, இரவு 12:30

ஒன்பது வருஷம் டிபிஏல, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக க்ளைம் பாக்குற ஆபீஸ்ல, க்ளைம் டேபிள்ல ஒக்காந்தவன். நானே எத்தனையோ ரிஜெக்ட் லெட்டர் அடிச்சிருக்கேன், பாவக் கணக்கு தீரட்டும்னு நீளமா எழுதுறேன்.

முதல்ல, வெயிட் லாஸ் ஆப்பரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் கெடையாதுன்னு ஏஜென்ட் சொல்றது பழைய கதை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ 2019ல விலக்குகள எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரி ஆக்குச்சு. உங்க பாலிசி புக்லெட்ல "எக்ஸ்க்ளூஷன் 06"னு ஒரு பாரா இருக்கும், உடல் பருமன்னு தலைப்பு. அத தலைகீழா படிக்கணும். இந்த நிபந்தனை எல்லாம் இருந்தா விலக்கு கெடையாதுன்னு அர்த்தம்: டாக்டர் சொல்லி பண்ணணும், வயசு 18க்கு மேல, பிஎம்ஐ 40, இல்லன்னா 35க்கு மேல இருந்து கூடவே நாலுல ஒண்ணு. அந்த நாலு: பருமனால வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிர ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது), கட்டுப்பாட்டுல இல்லாத டைப் 2 சர்க்கரை. அதோட வேற வழி முயற்சி பண்ணி தோத்ததுக்கு ஆதாரம்.

உங்க சர்ஜன் ஆபீஸ்ல நாலாவத மட்டும் புடிச்சுக்கிட்டு போட்டிருக்காங்க, 6.8ன்னு நீங்களே ரிப்போர்ட்டும் குடுத்துட்டீங்க. டேபிள்ல இருக்குறவனுக்கு ரெண்டு நிமிஷ வேலை.

இப்போ சொல்லுங்க, ராத்திரி கொறட்டை விடுவீங்களா? பகல்ல தூங்கி விழுவீங்களா?

மூலக்கடை108 | ஜூன் 17, காலை 7:02

சார், கொறட்டைன்னு சொன்னா கொறட்டை கோச்சுக்கும். பொண்ணுங்க ஹால்ல படுக்குறதே அதனாலதான். போன மாசம் மணலி ரோட்டுல சிக்னல்ல வண்டில ஒக்காந்தபடியே தூங்கிட்டேன், பின்னாடி கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடிச்சதுல முழிச்சேன். அது வேலை அலுப்புன்னு நெனச்சேன்.

பழைய டிபிஏ | ஜூன் 17, காலை 7:20

முதல்ல வண்டி ஓட்டுறத கொறைங்க. ரெண்டாவது, இன்னிக்கே ஸ்லீப் ஸ்டடிக்கு புக் பண்ணுங்க. ராத்திரி பூரா ஒயர் மாட்டி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவ மூச்சு நிக்குதுன்னு எண்ணுவாங்க. 30க்கு மேல போனா தீவிரம். இது காசுக்காக மட்டும் சொல்லல, அந்த நெலமைல மயக்க மருந்து குடுக்குறதே ரிஸ்க், மயக்க டாக்டருக்கு முன்னாடியே தெரியணும்.

2022ல போன டயட்டீஷியன் சீட்டு, ஜிம் பில்லு எது இருந்தாலும் எடுத்து வைங்க, முயற்சி பண்ணதுக்கு அதான் சாட்சி. பாலிசில பேரியாட்ரிக்குனு (வெயிட் கொறைக்குற ஆப்பரேஷன்) தனி சப்லிமிட், அதாவது உச்ச வரம்பு, இருக்கான்னு பாருங்க, நெறைய பாலிசில இருக்கும், 5 லட்சம் கவர்ன்னாலும் இதுக்கு பாதிதான் குடுப்பான். ரூம் எலிஜிபிலிட்டிக்கு மேல ரூம் எடுத்தா மத்த பில்லையும் அதே விகிதத்துல வெட்டுவான். நாளைக்கு 5,000க்கு மேல ரூம் எடுத்தா 2022 ஜூலைல இருந்து 5 சதவீதம் ஜிஎஸ்டி வேற. சின்ன ரூமே போதும், எப்படியும் தண்ணிதான் குடிக்கப் போறீங்க.

கேஷ்லெஸ் மறுத்தா க்ளைமே போச்சுன்னு அர்த்தம் இல்ல, பணம் கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போடலாம். அதையும் மறுத்தா கம்பெனி குறைதீர் பிரிவுக்கு எழுதுங்க, 30 நாள்ல சரியான பதில் வரலேன்னா தேனாம்பேட்டைல இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (புகார விசாரிச்சு தீக்குறவர்) ஆபீஸ் இருக்கு, ஒரு வருஷத்துக்குள்ள போகணும், ஃபீஸ் கெடையாது, வக்கீல் வேணாம்.

நகை பத்தி. வைக்கிறதுன்னா பேங்க்ல வைங்க. சேட்டு கடைல ரெண்டு வட்டின்னா 3 லட்சத்துக்கு மாசம் 6,000. பேங்க்ல அதுல பாதிக்கும் கீழ. ஆஸ்பத்திரி வாசல்ல டேபிள் போட்டு "வட்டி இல்லா இஎம்ஐ"ன்னு ஒருத்தன் ஒக்காந்திருப்பான், 4 லட்சத்துக்கு 12 மாசம்னா மாசம் 33,333, சம்பளத்துல அது முடியுமான்னு மொதல்ல பாருங்க, அப்புறம் ப்ராசசிங் ஃபீஸ் எவ்ளோன்னு கேளுங்க.

காலைநடை | ஜூன் 17, காலை 8:00

சிக்னல்ல தூங்குனது படிச்சேன். என் தம்பி இப்படித்தான் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல போயிட்டான், 2009ல. அவனும் பெரிய கொறட்டை. இப்படி ஒரு வியாதி இருக்குன்னு அப்போ எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. டெஸ்ட் எடு தம்பி.

மூலக்கடை108 | ஜூலை 9, இரவு 9:45

அப்டேட். ஸ்லீப் ஸ்டடி முடிஞ்சுது, 9,000 ஆச்சு. மணிக்கு 52 தடவ. டெக்னீஷியன் பையன் காலைல ஒயரக் கழட்டும்போது "அண்ணே, ஒரு தடவ 48 செகண்டு நின்னுச்சு, நான் எழுந்து வந்து பாத்தேன்"னான். ஒய்ஃப் வெளிய வந்து படிக்கட்டுல ஒக்காந்துட்டா.

தூக்கத்துல மூச்சு நிக்காம காத்து அழுத்துற சிபாப் மிஷின் வாடகைக்கு எடுத்திருக்கு, பைலட் மாதிரி மாட்டிக்கினு படுக்குறேன். பொண்ணுங்க ரூமுக்கு திரும்ப வந்துட்டாங்க.

ஸ்டான்லில கேட்டேன், டாக்டர் பொறுமையா பேசுனாரு. அதுவும் ஒரு வழியா வெச்சிருக்கேன்.

மூலக்கடை108 | ஆகஸ்ட் 2, மாலை 4:10

புது பேஜார். எண்டோஸ்கோபில எறைப்பைக்கு மேல ஓட்டை பெருசா இருக்கு, ஹையாட்டஸ் ஹெர்னியா. தெனம் ராத்திரி நெஞ்செரிச்சலுக்கு ஜெல் குடிப்பேன், அத யாருகிட்டயும் சொன்னது இல்ல, அதெல்லாம் ஒரு வியாதியான்னு. சர்ஜன் ஸ்லீவ் பண்ணா எதுக்களிப்பு இன்னும் மோசமாகும், பைபாஸ் (வயித்த சின்னதாக்கி நேரா கொடலோட சேக்குறது) தான் நல்லது, சுகருக்கும் அதான் நல்லதுன்றாரு. எஸ்டிமேட் 4,45,000.

டிபிஏ சார் சொன்ன மாதிரி ஸ்லீப் ரிப்போர்ட், டயட் சீட்டு, ஜிம் பில்லு எல்லாம் சேத்து திரும்ப போட்டோம். 2,50,000 அப்ரூவல் வந்துடுச்சு! சப்லிமிட் அவ்ளோதானாம். மீதி 1,95,000 என் தலைல.

ராயபுரத்துக்காரி | ஆகஸ்ட் 2, மாலை 4:31

பைபாஸ்னா இன்னும் ஒண்ணு சேத்துக்கோங்க. இனிப்பு சாப்பிட்டா தூக்கி அடிக்கும், வேர்த்து படபடன்னு வரும், டம்பிங்னு சொல்வாங்க. கல்யாண வீட்டுல பந்தில ஒக்கார்றப்போ ஞாபகம் வைங்க. வலி மாத்திரை கடைல கேட்டு வாங்கிப் போடாதீங்க, உள்ள புண்ணு வரும். விட்டமின் எனக்கு விட உங்களுக்கு இன்னும் முக்கியம்.

கொருக்குப்பேட்டை கேட் | ஆகஸ்ட் 2, மாலை 5:15

அண்ணே அந்த கேள்வி கேட்டியா?

மூலக்கடை108 | ஆகஸ்ட் 2, மாலை 5:40

கேட்டேன்யா. சர்ஜன் சிரிச்சுட்டு "இது வரைக்கும் யாரும் கேட்டது இல்ல"ன்னாரு, பில்லிங்ல இருந்த அம்மா சிரிக்கல. 30 நாள் வரைக்கும் லீக், ரத்தக்கசிவு, திரும்ப தியேட்டர், ஐசியூ 7 நாள் பாக்கேஜ்ல சேரும்னு லெட்டர் பேட்ல எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க. ஃபோட்டோ எடுத்து ஒய்ஃப், மச்சான், ஆபீஸ் முதலாளி மூணு பேருக்கும் அனுப்பிட்டேன்.

பெரம்பூர் பிளாட் | ஆகஸ்ட் 19, இரவு 10:02

ப்ரோ எப்போ ஆப்பரேஷன்? நான் ஊசிய நிறுத்திட்டேன், கட்டுப்படி ஆகல. பாப்போம்.

மூலக்கடை108 | செப்டம்பர் 20, மதியம் 12:50

முடிஞ்சுது. இன்னிக்கி ஒன்பதாவது நாள், 101 கிலோ. ஆப்பரேஷனுக்கு முன்னாடி ஈரல் சுருங்கணும்னு ரெண்டு வாரம் வெறும் தண்ணி ஆகாரம், ஆப்பரேஷன விட அதான் கொடுமை. லீக் இல்ல. பல்ஸ் தெனம் நாலு வேளை பாத்து ஒய்ஃப் காலண்டர் பின்னாடி எழுதுறா, கேட் தம்பியோட கதைக்கு அப்புறம் அவ விடுறதா இல்ல. ஓமத் தண்ணிக்கு வீட்டுல தடை.

நகை நாலு சவரன்தான் வெச்சோம், பேங்க்ல. அடகு சீட்டு அரிசி டப்பாக்குள்ள இருக்கு.

இன்னிக்கி சனிக்கிழமை. காசிமேட்டுல இருந்து மச்சான் நெத்திலி வாங்கினு வந்திருக்கான். கொழம்பு கொதிக்குது, மாங்கா போட்டிருக்கா, வாசனை கூடத்துக்கு வருது. எனக்கு மருந்து மூடில 30 மில்லி மோர்த் தண்ணி, சிப் சிப்பா. அக்கா, கொழம்பு தண்ணிய மட்டும் வடிகட்டி எப்போ குடிக்கலாம்?

ராயபுரத்துக்காரி | செப்டம்பர் 20, மதியம் 1:04

டயட்டீஷியன்கிட்ட கேட்டுட்டு அடுத்த வாரம். காரம் போடாம. மாங்காய எடுத்துடுங்க.

மூலக்கடை108 | செப்டம்பர் 20, மதியம் 1:05

மாங்காயுமா?